படிப்புக்கு ஒரு படி: கிரெடிட் பிறந்த வரலாறு

1958-ஆம் ஆண்டு. ரோம் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற மாணவி ஒருவர் அமெரிக்காவில் ஓராண்டு படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்றுச் சென்று, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்று வந்தவர் அவர். ரோமில் அவருடைய பட்டப்படிப்பு இன்னும் முடியவில்லை. கொலம்பியாவில் தேறிய பாடங்களை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் சான்றிதழைக் கொடுத்தார். அலுவலகம் மறுத்துவிட்டது. மறுத்ததோடு நில்லாமல், ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சலுகை கேட்கும் பெண்ணைப் போல அவரை நடத்தி அவமானப்படுத்தியது. கடல் கடந்து உழைத்த ஓராண்டு ஒரு நொடியில் செல்லாக்காசு ஆயிற்று.

அந்த மாணவியின் பெயர் சோஃபியா கொராடி. அவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

கல்லூரி மாறியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், இணைத்தன்மைச் சான்று, பாடத்திட்ட நகல் என்று ஒரு காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு அலுவலக வாசலில் நின்றவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அங்கே படித்தது இங்கே எவ்வளவு?

மெட்ரிக் அளவை வருவதற்கு முன்னர் நம் நாட்டில் தானியம் அளக்கும் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஓர் ஊரில் பத்துப் படி அளந்து வாங்கிய அரிசி, அடுத்த ஊர்ப் படியில் பத்துக்கு மேலோ கீழோ நிற்கும். அரிசி மாறவில்லை, படிதான் வேறு. இரண்டு படிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வழக்குத் தீர்ந்துவிடும். படிப்பை அளக்க அப்படி ஒரு படி உண்டா? உண்டு என்று ஒரு நாடு சொன்னது. அது பிறந்த இடம் வகுப்பறை அன்று. பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்த ஓர் அலுவலகம்!

பட்டத்துக்கு உண்டு, பாதிப் படிப்புக்கு இல்லை

ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியை மற்றொன்று ஏற்பதா என்ற கேள்வி, பல்கலைக்கழகங்கள் அளவுக்கே பழமையானது. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள துலூஸ் நகரில் 1229-இல் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. புதிய இடத்துப் பட்டத்தை யார் மதிப்பார்கள்? 1233-இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரெகரி ஓர் ஆணை பிறப்பித்தார். துலூஸில் தேர்வு பெற்று ஆசிரியர் தகுதி அடைந்தவர், வேறு எங்கும் மறுதேர்வு இல்லாமல் கற்பிக்கலாம் என்பது அதன் சாரம். பழம்பெருமை வாய்ந்த பொலோன்யாவும் பாரிசும்கூட, 1291-லும் 1292-லும் முறையே இந்த உரிமையை எழுத்தில் பெற்றுக்கொண்டன. ஏட்டில் இருந்த உரிமை நடைமுறையில் எல்லா இடத்திலும் செல்லவில்லை. "பட்டம் இருக்கட்டும், எங்கள் தேர்வையும் எழுதுக" என்று கேட்ட பல்கலைக்கழகங்கள் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆணைகள் எல்லாம் படிப்பை முடித்தவருக்கே உரியவை. பாதி படித்தவரைப் பற்றி அவை பேசவில்லை. பேசவும் முடியாது, ஏனெனில் பாதி என்பதை அளந்து சொல்ல அன்று ஓர் அலகு இல்லை.

முடித்த பட்டத்தை ஏற்கும் மரபு இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான நிகழ்ச்சிக்கு வழிவகுத்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின் ஆகிய மூன்றும் ஒன்றின் பட்டத்தை மற்றொன்று அப்படியே ஏற்று, அதே நிலைப் பட்டத்தைத் தாமும் வழங்கும் வழக்கம் உடையவை. ஆனால் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பெண்களைப் படிக்கவும் தேர்வு எழுதவும் விட்டனவே அன்றி, பட்டம் தரவில்லை. 1890-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற ஆணையும் விஞ்சி மதிப்பெண் வாங்கிய பிலிப்பா ஃபாசெட்டுக்கும் இதே கதிதான்.

1904-இல் டப்ளினின் டிரினிட்டி கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. அத்துடன், ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் எல்லாத் தேர்வுகளையும் முடித்த பெண்களுக்குத் தன் பட்டத்தை வழங்கவும் முன்வந்தது. 1907 வரை ஏறத்தாழ 700 பெண்கள் நீராவிக் கப்பலேறி ஐரிஷ் கடலைக் கடந்து டப்ளின் சென்றனர். அங்கே ஒருநாள்கூட வகுப்பில் அமராமல் பட்டம் பெற்றுத் திரும்பினர். 'நீராவிக் கப்பல் மங்கையர்' என்றே அவர்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் செலுத்திய கட்டணம் டிரினிட்டியில் மாணவியர் விடுதி அமைக்க உதவியது. ஆக்ஸ்போர்டு 1920-லும் கேம்பிரிட்ஜ் 1948-லும்தான் பெண்களுக்குப் பட்டம் வழங்க மனம் இசைந்தன. சொந்த வீட்டில் மறுத்த மதிப்பை அயல் வீடு கொடுத்த அரிய நிகழ்ச்சி இது. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு.

வேதியியல் ஆசிரியர் செய்த மாற்றம்

பாதிப் படிப்பை எண்ணும் தேவை அமெரிக்காவில் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே கல்லூரி என்றால் ஒரே பாதைதான். முதலாண்டு மாணவர் அனைவரும் ஒரே பாடம் படிப்பர், அடுத்த ஆண்டும் அப்படியே. லத்தீன், கிரேக்கம், கணிதம் என்று எல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டவை. அந்த நிலையில் யார் எவ்வளவு படித்தார் என்று எண்ண வேண்டியதே இல்லை. "மூன்றாம் ஆண்டு மாணவர்" என்றால் போதும்.

1869-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராகச் சார்லஸ் எலியட் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 35. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் கற்பித்தவர். புதிய அறிவியல் துறைகள் பெருகிவரும் காலத்தில், எல்லாருக்கும் ஒரே பாடம் என்பது பொருந்தாது என்று கருதினார். மாணவர் தமக்கு வேண்டிய பாடங்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார். இந்த ஒரு மாற்றத்தால் கல்லூரி எழுத்தருக்குப் புதிய தலைவலி பிறந்தது. ஒருவர் தாவரவியலும் ஜெர்மனும் படித்திருக்கிறார், மற்றவர் பொருளாதாரமும் வரலாறும் படித்திருக்கிறார். இருவருக்கும் ஒரே பட்டம் தரலாமா? பாடங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுவதற்குப் பொது அலகு வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பதே கைக்கு எட்டிய அலகாக இருந்தது.

ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தன் வசதிப்படி எண்ணியது. ஊருக்கு ஒரு படி! நாடு முழுவதற்கும் ஒரே படி வந்தது பணத்தால்.

ஓய்வூதியம் தந்த அளவை

எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் திரட்டிய ஆண்ட்ரூ கார்னகி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் அறங்காவலராக இருந்தபோது ஒன்றைக் கண்டு வியந்தார். பேராசிரியர்களின் சம்பளம் தம்மிடம் வேலை பார்த்த எழுத்தர் சிலரின் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தது. முதுமைக்குச் சேமிக்க அவர்களால் எப்படி இயலும்? 1905-இல் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு இலவச ஓய்வூதியம் வழங்க ஒரு கோடி டாலரை ஒதுக்கினார். அதற்காகத் தோன்றிய கார்னகி கல்வி வளர்ச்சி அறக்கட்டளைக்கு எலியட் அறங்காவலர் குழுத் தலைவரானார். நிர்வாகத் தலைவராக வந்தவர் ஹென்றி பிரிச்சட் என்ற வானியலறிஞர். இவர் அதற்கு முன் அமெரிக்கக் கடற்கரை மற்றும் நில அளவைத் துறையின் தலைவராக இருந்தவர். நாட்டின் எடைக்கற்களையும் நீள அளவைகளையும் காக்கும் அலுவலகம் அன்று அத்துறையின் கீழ்தான் இருந்தது. படிப்புக்கு அளவை வகுக்க இவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது.

பணம் இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். அன்று அமெரிக்காவில் கல்லூரி என்ற பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். உயர்நிலைப் பள்ளிக்கு மேல் சிறிதும் உயராத கல்லூரிகளும் இருந்தன. ஆகவே கல்லூரி என்பதற்கு அறக்கட்டளை ஓர் இலக்கணம் வகுத்தது. குறைந்தது ஆறு முழுநேரப் பேராசிரியர்கள் வேண்டும். நான்காண்டுப் படிப்பு வேண்டும். சமயப் பிரிவு எதன் ஆளுகையிலும் இருத்தல் கூடாது. உயர்நிலைப் பள்ளியில் நான்காண்டு படித்தவரை மட்டுமே சேர்க்க வேண்டும்.

கடைசி நிபந்தனையில்தான் நம் கதையின் கரு இருக்கிறது. நான்காண்டுப் பள்ளிப் படிப்பு என்பதை எப்படிச் சரிபார்ப்பது? ஒரு பாடத்தை ஓராண்டு முழுவதும், வாரம் ஐந்து வகுப்பு வீதம் படித்தால் ஓர் அலகு என்று வைத்தார்கள். மணிக்கணக்கில் அது சுமார் 120 மணி. அத்தகைய 14 அலகுகள் முடித்தவரே கல்லூரியில் சேரத் தகுதியுடையவர். இதற்குக் 'கார்னகி அலகு' என்று பெயர் வந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் இதைக் கட்டாயத்தால் ஏற்கவில்லை. தம் பேராசிரியர்கள் ஓய்வூதியம் பெற வேண்டும் என்ற ஆசையால் ஏற்றன. சமயச் சார்பைக் கைவிட்ட கல்லூரிகளும் உண்டு. சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் இந்த அலகு வழக்கமாகிவிட்டது. கல்லூரிக்குள்ளும் மணியே அலகாக நின்றது. ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். நான்காண்டுப் பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட்.

இலவச ஓய்வூதியம் நெடுநாள் நீடிக்கவில்லை. கோடி டாலரும் போதாது என்று விரைவில் தெரிந்துவிட்டது. 1918-இல் பேராசிரியரும் பணம் செலுத்திச் சேரும் காப்பீட்டு நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. ஓய்வூதியத்தைக் கணக்கிடப் பிறந்த அலகு மட்டும் தன் வேலை முடிந்த பின்னும் போகவில்லை!

மணிக்கணக்கு எதை அளக்கிறது?

மணி என்பது காலத்தை அளக்கும். மாணவர் பெஞ்சில் அமர்ந்திருந்த நேரத்தைச் சொல்லும். அமர்ந்தவர் தலைக்குள் என்ன நுழைந்தது என்பதைச் சொல்லாது.

1910-இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர் இந்த அலகை மேலும் ஒருபடி கொண்டுசென்றார். தொழிற்சாலைகளில் வேலைத்திறனை நொடிக்கணக்கில் அளந்த ஃபிரடெரிக் டெய்லரின் வழியில் வந்தவர் இவர். கார்னகி அறக்கட்டளையின் வேண்டுகோளுக்கு இணங்கி ஹார்வர்டு, கொலம்பியா, பிரின்ஸ்டன் முதலிய இடங்களின் இயற்பியல் துறைகளை ஆராய்ந்தார். ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரக் கல்வி என்பதை 'மாணவ மணி' என்ற அலகாக்கி, ஒரு மாணவ மணிக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட்டார். இயற்பியல் துறையை நூற்பாலைபோலப் பார்ப்பதா என்று பேராசிரியர்கள் சினந்தனர். நிர்வாகிகளுக்கோ அது பிடித்துப்போயிற்று. ஆசிரியரின் வேலைப்பளு, மாணவரின் கட்டணம், அறையின் பயன்பாடு எல்லாவற்றையும் ஒரே அலகால் எழுதிவிடலாம் அல்லவா?

அளவையின் குறையை அறக்கட்டளையே வெளிக்கொணர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தில் 1928 முதல் 1932 வரை, அதன் ஆதரவில் வில்லியம் லெர்னட், பென் வுட் என்ற இருவர் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் பொது அறிவுச் சோதனைகள் நடத்தினர். பட்டம் வாங்கும் நிலையில் இருந்த சிலரைவிட, பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த சிலர் அதிக மதிப்பெண் பெற்றனர். கிரெடிட் கணக்கில் முன்னவர் நான்காண்டு மூத்தவர்! 1938-இல் இந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. எனினும் மணிக்கணக்கு அசையவில்லை. அறிவை நேரடியாக அளக்க எளிய கருவி வேறு இல்லாததே அதற்குக் காரணம்.

கொராடியின் பதினெட்டு ஆண்டுகள்

இப்போது ரோமுக்குத் திரும்புவோம். இத்தாலியில் கிரெடிட் முறையே இல்லை. இன்னின்ன பாடம், இன்னின்ன தேர்வு என்பதுதான் கணக்கு. கொராடி கொண்டுவந்த அமெரிக்கச் சான்றிதழை அங்கே வைத்து அளக்கப் படி இல்லை. அதைவிடப் பெரிய காரணம், அளந்து பார்க்கும் எண்ணமும் இல்லை. அவர் ரோமிலேயே தேர்வுகளை முடித்துப் பட்டம் பெற்றார். ஆனால் அவமானத்தை மறக்கவில்லை. பின்னாளில் இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் மாநாட்டமைப்புக்கு ஆலோசகரானபோது, அயல்நாட்டில் படித்த பாடங்களைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று 1969-இல் ஒரு குறிப்பு எழுதினார். அது முதல் அமைச்சர்களிடமும் பேராசிரியர்களிடமும் ஓயாமல் வலியுறுத்தி வந்தார். 1976-இல் ஐரோப்பியச் சமூகம் கூட்டுப் படிப்புத் திட்டங்களுக்கு இசைவு தந்தது. 1987-இல் 'எராஸ்மஸ்' திட்டம் பிறந்தது. நாடு நாடாகச் சென்று பயின்ற ராட்டர்டாம் அறிஞர் எராஸ்மஸின் பெயர் அது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். கொராடியை 'எராஸ்மஸின் தாய்' என்று ஐரோப்பா அழைத்தது. 2016-இல் ஸ்பெயினில் அவருக்குக் கார்லோஸ் மன்னர் பெயரிலான ஐரோப்பிய விருதும் வழங்கப்பட்டது.

மாணவர் செல்ல வழி பிறந்தவுடன் அளவைச் சிக்கல் முன்னே வந்து நின்றது. 1989-இல் வணிக நிர்வாகம், வேதியியல், வரலாறு, எந்திரவியல், மருத்துவம் ஆகிய ஐந்து துறைகளில் ஐரோப்பிய கிரெடிட் மாற்று முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. ஐரோப்பியர் அமெரிக்கப் படியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க கிரெடிட்டின் அச்சு வகுப்பு மணி. ஐரோப்பிய கிரெடிட்டின் அச்சு மாணவரின் மொத்த உழைப்பு. விரிவுரை கேட்பது, ஆய்வுக்கூட வேலை, நூலகத்தில் படிப்பது, தேர்வுக்கு ஆயத்தமாவது எல்லாம் அதில் அடங்கும். ஓராண்டு முழுநேரப் படிப்பு என்றால் 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி உழைப்பு.

இதைவிடப் பெரிய மாற்றங்கள் இரண்டு. முதலாவது ஒப்பந்தம். மாணவர் புறப்படும் முன்பே இன்ன பாடங்கள் படிப்பார், அவை இப்படிக் கணக்கில் ஏறும் என்று மாணவர், அனுப்பும் இடம், ஏற்கும் இடம் மூவரும் கையெழுத்திட வேண்டும். திரும்பி வந்த பின் வாதாடும் வேலை இல்லை. இரண்டாவது, 1997-இல் லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கவுன்சிலும் யுனெஸ்கோவும் இணைந்து உருவாக்கிய உடன்படிக்கை. அயல்நாட்டுத் தகுதியைப் பொதுவாக ஏற்க வேண்டும், மறுப்பதாயின் கணிசமான வேறுபாடு இருப்பதை மறுப்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது அது. 1958-இல் மெய்ப்பிக்கும் சுமை கொராடியின் தலைமேல் இருந்தது. 39 ஆண்டுகள் கழித்து அது மேசைக்கு மறுபுறம் போயிற்று. 1999-இல் பொலோன்யாவில் 29 நாடுகள் கூடி, இத்தகைய கிரெடிட் முறையைக் கண்டம் முழுவதற்கும் பொதுவாக்க உறுதி பூண்டன.

ஒரே 120, வேறு வேறு படி

நம் நாட்டிலும் கிரெடிட் புதிதன்று. அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1960-இல் பந்த்நகரில் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. வேளாண் கல்வியில் அம்முறை முன்னதாகவே கால் ஊன்றியது. பிற துறைகளில் அது மெல்லத்தான் பரவியது. 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கி ஒன்றுக்கு விதிகள் வெளியிட்டது. மாணவர் ஒரு நிறுவனத்தில் ஈட்டிய கிரெடிட் அவர் கணக்கில் வரவு வைக்கப்படும். பின்னர் வேறு நிறுவனத்தில் படிப்பைத் தொடரும்போது அதை எடுத்துக்கொள்ளலாம்.

எண்களை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட். இந்தியாவின் 2022-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட வரைவுப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120, நான்காண்டுப் பட்டத்துக்கு 160. ஐரோப்பாவில் மூன்றாண்டுக்கு 180. ஆக, நம் 120-ம் அமெரிக்காவின் 120-ம் ஒன்றல்ல.

இன்னும் சற்று நுணுகிப் பார்ப்போம். அமெரிக்காவில் 3 கிரெடிட் வேதியியல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்க. வாரம் 3 மணி வகுப்பு, அதற்கு வெளியே 6 மணி சொந்தப் படிப்பு, 15 வாரம். மொத்தம் 135 மணி. ஐரோப்பியக் கணக்கில் இது எவ்வளவு? ஆண்டை வைத்துக் கணக்கிட்டால், அங்கே 30, இங்கே 60. ஆகவே 3 கிரெடிட்டுக்கு 6. மணியை வைத்துக் கணக்கிட்டால், 135 மணிக்கு 5-க்கு அருகில்தான் வரும். இரண்டும் நேர்மையான கணக்குகளே. எந்தக் கணக்கை எடுப்பது என்பது ஏற்கும் அலுவலகத்தின் விருப்பம். அந்த ஒரு கிரெடிட் வேறுபாட்டால் ஒரு பாடம் குறைந்து, ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க நேர்வதும் உண்டு.

கிரெடிட்டின் தாயகத்தின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தம் கிரெடிட்டில் 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. ஒரே நாடு, ஒரே அலகு, ஆயினும் இந்த இழப்பு! ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு, முதன்மைப் பாடத்தில் சேர்க்காமல் விருப்பப் பாடக் கணக்கில் தள்ளிவிடுவதும் உண்டு. எண்ணிக்கையில் கிரெடிட் இருக்கும், பட்டத்துக்கு உதவாது. துறை மாறுவோர் இதில்தான் பெரிதும் அகப்படுகின்றனர். இயற்பியலிலிருந்து பொருளாதாரத்துக்கு மாறுபவரின் ஆய்வுக்கூட மணிகளை எந்தப் படியில் அளந்தாலும், புதிய துறைக்கு அவை தேவைப்படுவதில்லை. கணிதப் பாடங்கள் மட்டும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும்.

ஏற்கும் துறையில் முடிவு செய்பவர் கையில் எடுப்பது மதிப்பெண் பட்டியலை அன்று, பாடத்திட்டத்தை. எந்த அத்தியாயங்கள், வாரத்துக்கு எத்தனை மணி விரிவுரை, எத்தனை மணி செய்முறை, எந்தப் பாடநூல் என்பவை அதில்தான் இருக்கும். பாடத்திட்டங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. பழையதைத் தேடிப் போனால் கல்லூரியிலேயே கிடைக்காமல் போகலாம். ஆகவே மாறும் எண்ணம் உடைய மாணவர், தாம் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தை முத்திரையும் கையெழுத்தும் பெற்று இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கும் இடம் என்ன தரும் என்பதையும், சேர்வதற்கு முன்னரே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.